தொட்டுப் பார்க்கிறவரோடு பூ பார்க்கப் போவது

ஜப்பானில் உலகத் தோட்டக்கலைக் கண்காட்சி ஒன்று நடக்கப்போகிறது, நாம் இரண்டு பேரும் போய் வரலாம் என்று நான் சொன்னபோது என் கணவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஹால்?"

அடுத்த கேள்வி, "நம்ம ஸ்டால் நம்பர் இன்னா?"

நமக்கு ஸ்டால் கிடையாது, சும்மா பார்க்கத்தான் போகிறோம் என்றேன். சும்மா பார்க்க யாராவது அவ்வளவு தூரம் போவார்களா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு, நான் ஏதோ முக்கியமான விவரத்தை மறைக்கிறேன் என்பதுபோல் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் தரம் பிரிக்கிற மேசையில் வேலைக்குச் சேர்ந்து, அந்த மேசைக்கே தலைமை ஆளாகி, அங்கேயே ஓய்வு பெற்றவர். கண்காட்சி என்றால் அவருக்குத் தோல் கண்காட்சி ஒன்றுதான். முதலாளி இத்தாலிக்கும் ஹாங்காங்குக்கும் போகும்போதெல்லாம் இவரையும் அழைத்துக்கொண்டு போவார். அழைத்துப் போனது இவருடைய ஆங்கிலத்துக்காக இருக்க வாய்ப்பில்லை. இவருடைய கட்டைவிரலுக்காகத்தான். ஒரு தோலை எடுத்து உள்பக்கமாக மடித்து, மடிப்பில் விழுகிற சுருக்கத்தைக் கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளுவார். சுருக்கம் மெல்லிசாக விழுந்து, விட்டவுடன் மறைந்தால் நல்ல தோல். உப்பிக்கொண்டு நின்றால் மட்டம். அதன் பிறகு தீர்ப்பு சொல்வார். அவரிடம் மூன்று தீர்ப்புகள் உண்டு: "பாஸ்", "ஓட்டலாம்", "ரிஜெக்ட்".

வேலையோடு அந்தப் பழக்கம் நின்றிருந்தால் நான் எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. அவர் கண்ணில் படுகிற எல்லாம் கையிலும் பட வேண்டும். தோசையை மடித்துப் பார்ப்பார். புடவைக் கடையில் நான் நிறம் பார்ப்பதற்குள் அவர் முந்தானையைச் சுருட்டி நசுக்கிவிட்டு நகர்ந்திருப்பார். கல்யாணப் பத்திரிகை வந்தால் யாருக்குக் கல்யாணம் என்று பார்க்கும் முன் அட்டையை வளைத்துப் பார்ப்பார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, வாசலில் கழற்றிப் போட்டிருந்த என் அப்பாவின் செருப்பை எடுத்து வளைத்துப் பார்த்தார் என்று என் தம்பி பிற்பாடு சொன்னான். என்ன தீர்ப்பு சொன்னார் என்று கேட்டேன். வாயைத் திறக்கவில்லையாம். என் சமையல் கல்யாணம் ஆன நாளிலிருந்து "ஓட்டலாம்" தான். "பாஸ்" என்ற சொல்லை வீட்டில் அவர் உச்சரித்து நான் கேட்டதில்லை.

நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். எனக்கும் ஓய்வு கிடைத்த பிறகு மொட்டை மாடியில் தோட்டம் போட்டேன். பாலாற்றங்கரையில் குடியிருந்துகொண்டு தோட்டம் போடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. போர் தண்ணீர் உப்பு. செம்பருத்தியும் அடீனியமும் அதைக் குடித்துவிட்டு எப்படியோ பிழைத்துக்கொள்ளும். ரோஜா இலை ஓரம் கருகி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். ஆகவே எங்கள் வீட்டில் கேன் தண்ணீர் வந்தால் ரோஜாவுக்குப் போக மீதிதான் எங்களுக்கு. அந்தக் கேனை மாடிக்குத் தூக்கிவந்து வைப்பது என் கணவரின் பங்கு. வைத்துவிட்டு ஏதாவது ஒரு இலையைக் கிள்ளி மடித்துப் பார்த்து, "ஓட்டலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்.

நாட்றம்பள்ளிக்காரப் பெண்மணி ஒருவர், என்னிடம் படித்த பையனின் அம்மா, எனக்கு ஒரு ரோஜாப் பதியன் கொடுத்தார். சுத்த வெள்ளை. அது முதல் பூ வைத்த அன்று இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"க்ரீம் கலரு," என்றார்.

"வெள்ளைங்க."

"ஷேட் கார்டு பாத்தே பொழச்சவன் நானு. எங்கிட்ட வந்து வெள்ள எது, க்ரீம் எதுன்னு சொல்றியா? கணக்கு மட்டும் நீ சொல்லு."

அன்று முதல் அந்தச் செடி எங்களுக்குள் ஒரு வழக்காகவே ஆகிவிட்டது. அவருக்கு அது க்ரீம் ரோஸ், எனக்கு வெள்ளை ரோஜா. ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

என் ஆசையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஜப்பான் அவ்வளவு முக்கியமில்லை. அவர் ஊர் ஊராகக் கண்காட்சி பார்த்துவிட்டு வந்த காலமெல்லாம் ஓட்டல் சோப்பையும் தோல் துண்டுகளையும்தான் எனக்குக் கொண்டுவந்தார். ஒரு கண்காட்சியில், ஒரே ஒரு கண்காட்சியில், நான் "இதப் பாருங்க" என்று சொல்லும்போது பக்கத்தில் நின்று பார்க்க இந்த மனிதர் வேண்டும். ஒரு பூவைக் கிள்ளாமல், மடிக்காமல், நின்று முழுசாக அவர் பார்த்து நான் கண்டதே இல்லை. அதைக் காண்பதற்கு ஜப்பான் வரைக்கும் போக நேர்ந்தாலும் சரி என்று இருந்தேன்.

ஏற்பாடுகள் தொடங்கின. பெங்களூரில் இருக்கும் மகள்தான் டிக்கெட், விசா எல்லாம் பார்ப்பதாக ஒப்புக்கொண்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் பேசினோம்.

"எந்த மாசம்பா போறீங்க?"

"மாசம் இன்னா மாசம்? கடைசி நாளு போடுமா," என்றார்.

"கடைசி நாளா? எதுக்கு?"

"கடைசி நாள்லதான்மா ஸ்டால்காரன் சரக்கத் திருப்பித் தூக்கிக்கினு போக பேஜார்பட்டு வர்ற வெலைக்குத் தள்ளிட்டுப் போவான். மிலான்ல நான் பாத்திருக்கேன். அம்மாவுக்கு நாலு செடி கம்மியா வாங்கிடலாம்."

அவள், இது மூன்று நாளில் முடிகிற சந்தை அல்ல, வசந்த காலத்தில் தொடங்கி மாதக்கணக்கில் நடக்கும், வசந்தப் பூக்கள் எல்லாம் தொடக்கத்தில்தான் இருக்கும், கடைசியில் போனால் வேறு பூக்கள்தான் கிடைக்கும், அங்கிருந்து செடி எதையும் பையில் போட்டுக்கொண்டு வரவும் முடியாது என்று பொறுமையாக விளக்கினாள். அந்தக் கடைசிச் செய்தி எனக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டது என்று எனக்குத் தெரியும். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்போ அப்பாயின்ட்மென்ட்டு?" என்றார் அவர் விடாமல்.

"யாரு கூடப்பா?"

"யாரு கூடன்னா? அப்பாயின்ட்மென்ட் இல்லாம, விசிட்டிங் கார்டு இல்லாம போனா ஒருத்தன் ஒக்காருன்னு சொல்லமாட்டான். ஒரு டீ தரமாட்டான். அம்மா பேருல கார்டு அடிக்கணும்."

"டூலிப் பூவுக்குக் கார்டு குடுக்கணுமாப்பா?"

அவர் எழுந்து போய் ஹால் விளக்கைப் போட்டார். பகல் பதினோரு மணி. ஓய்வு பெற்ற நாளிலிருந்தே அவருக்கும் எங்கள் வீட்டு விளக்குகளுக்கும் ஆகவில்லை. இப்போது வருகிற ட்யூப்லைட்டெல்லாம் போலி, வெளிச்சம் கம்மி என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, அதைவிடப் பெரியதாகப் பொருத்திக்கொண்டே வந்தார். எங்கள் வீடு ஜவுளிக்கடை மாதிரி ஆகிவிட்டது. ஏதாவது விசேஷமா என்று தெருவில் போகிறவர்கள் விசாரிப்பார்கள். செய்தித்தாளையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். எல்லாம் பொய், எவன் படிப்பான் என்றார். ஓய்வு பெற்ற ஆண்களுக்கு வருகிற சிடுசிடுப்பு என்று நான் விட்டுவிட்டேன்.

எங்கள் பயணத்துக்கு இன்னொரு ஆலோசகரும் கிடைத்தார். அடுத்த தெருவில் இருக்கிற பாய், என் கணவரின் பழைய தோஸ்த். தோல் வாங்கி விற்றுக் கொடுக்கும் வியாபாரத்தில் இருந்தவர். சாயங்காலம் டீக்கு வந்தால் இரவு இஷா தொழுகைக்குத்தான் எழுந்து போவார்.

"டீச்சரம்மா, ஜப்பான்ல ஷூவ வெளிய கழட்டணுமாம், கேட்டுக்கினீங்களா?" என்றார்.

என் கணவருக்கு அது பெரிய அதிர்ச்சி. அவரிடம் கண்காட்சிக்கென்றே ஒரு ஜோடி ஷூ இருக்கிறது. அவரே தோல் தேர்ந்தெடுத்து, எங்கே எந்தப் பகுதி வர வேண்டும் என்று பக்கத்தில் நின்று வெட்டச்சொல்லித் தைத்தது. அதை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போவதா? "எடுத்துக்கினு போயிட்டா?" என்றார். ஜப்பானில் அப்படி யாரும் எடுக்க மாட்டார்கள் என்று பாய் சொன்னார். "தோலப் பாத்தா எடுப்பான்," என்றார் இவர்.

இப்படியே போனால் ஜப்பானில் என் மானம் கப்பலேறிவிடும் என்று பட்டது. அதனால் ஓர் ஒத்திகை வைத்தேன். ஏலகிரி மலையில் கோடை விழா நடந்துகொண்டிருந்தது. அதில் மலர்க் கண்காட்சியும் உண்டு. பாயின் காரில் மூவரும் கிளம்பினோம். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஏறும்போது நான் கணவருக்கு விதிமுறைகளைச் சொன்னேன்: ஸ்டால் நம்பர் கேட்கக் கூடாது, விலை கேட்கக் கூடாது, கை இரண்டும் பின்னால் இருக்க வேண்டும்.

"பள்ளிக்கூடத்துப் புள்ளையா நானு?"

"அதுங்க சொன்னா கேக்கும்."

பாய் வண்டி ஓட்டிக்கொண்டே சிரித்தார்.

உள்ளே நுழைந்ததும் அவர் செய்த முதல் காரியம், அங்கே நின்ற காவலாளியிடம், "வடக்கு எந்தப் பக்கம்?" என்று விசாரித்தது. தோல் தரம் பிரிக்கிற கூடங்களில் வடக்குப் பக்கம்தான் பெரிய ஜன்னல் வைப்பார்கள். வெயில் நேராக விழாத அந்த வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றாது என்பது அவர்கள் கணக்கு. காவலாளி பக்கத்தில் நின்ற பாயைப் பார்த்துவிட்டு, தொழுகைக்குத் திசை கேட்கிறார்கள் என்று நினைத்து மேற்கைக் காட்டினார். "இன்னா லைட்டு போட்டிருக்கான், ஒண்ணும் சரியில்ல," என்று முனகிக்கொண்டே இவர் வரிசையில் நடந்தார். கை பின்னால்தான் இருந்தது. எனக்கே ஆச்சரியம். சாமந்தியைத் தாண்டினார். டேலியாவைத் தாண்டினார். ஆர்க்கிட் எல்லாவற்றையும் ஒரே நடையில் தாண்டினார்.

ஆந்தூரியத்தில்தான் மாட்டிக்கொண்டார்.

பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பூவின் சிவப்பு மடல் பளபளவென்று, பெண்கள் செருப்புக்குப் போடுகிற பேட்டன்ட் லெதரை வெட்டி வைத்ததுபோலவே இருக்கும். நான் இரண்டடி முன்னால் போயிருந்தேன். "ஃபினிஷிங் அருமையா இருக்குதே" என்று அவர் குரல் கேட்டது. திரும்புவதற்குள் கட்டைவிரல் வேலையை முடித்துவிட்டது. மடல் நடுவில் முறிந்து தொங்கியது.

"கிராக் வுடுது," என்றார் என்னிடம், மிகவும் வருத்தத்தோடு.

காவலாளி ஓடிவந்தார். "இன்னா சார், பெரியவரா இருக்கீங்க! தொடாதீங்கன்னு எழுதி வெச்சிருக்கில்ல?"

"எங்க எழுதி வெச்சிருக்கு?"

கூட்டத்தில் நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஏனென்றால் பலகை அவர் முகத்துக்கு நேரே இருந்தது. துண்டு அகலத்துக்கு மஞ்சள் பலகை, வெள்ளை எழுத்து. செய்ததையும் செய்துவிட்டு, பொய் வேறு சொல்கிறாரே என்று, "உங்களக் கூட்டிக்கினு நான் எங்கயும் போகமாட்டேன். ஜப்பானும் வேணாம் ஒண்ணும் வேணாம்," என்று அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டேன்.

அவர் பலகை இருந்த திசையில் முகத்தைக் கொண்டுபோய், கண்ணைச் சுருக்கி, இன்னும் கொஞ்சம் கிட்டே போய், விரலால் அந்தப் பலகையைத் தடவினார். பெயின்ட் எழுத்தின் ஓரத்தைத் தேடித் தேடித் தடவினார். "ஓ," என்றார்.

அந்த "ஓ" வில் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

முறிந்த செடிக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தோம். மலை இறங்கி, அடிவாரத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது பாய்தான் பேச்சைத் தொடங்கினார்.

"எவ்ளோ நாளாபா?"

"எது எவ்ளோ நாளா?"

"எங்கிட்ட மறைக்காத. கண்ணுல பூ வுழுந்திருக்கு உனக்கு. எனக்கும் இப்படித்தான் எல்லாம் டீத்தண்ணி கலர்ல தெரிஞ்சிது. ஆப்பரேசன் பண்ணதுக்கப்புறம்தான் எம் பொண்டாட்டி போட்டிருந்தது இன்னா கலர் துப்பட்டான்னே தெரிஞ்சிது."

என் கணவர் டீ டம்ளரின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு சொல்லிவிட்டார். ஓய்வு பெறுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டதாம். கடைசியில் ஷேட் எல்லாம் தொழிற்சாலை லேபில் இருந்த ஒரு பெண்தான் பார்த்துச் சொல்வாளாம். இவர் கைப்பழக்கத்திலேயே ஓட்டியிருக்கிறார். ஊரில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் முன்னாலும் அவர் தொட்டுத்தானே பார்த்தார்.

"சொல்லித் தொலைச்சா இன்னா?" என்றேன்.

"செலக்‌ஷன் பண்றவனுக்குக் கண்ணு போச்சின்னா சிரிக்கமாட்டானுங்களா?"

"நானும் சிரிப்பேன்னு நெனச்சீங்களா?"

"நான் க்ரீம்னு சொன்னதுக்கே நீ அந்தப் பேச்சு பேசுன."

என் மாடித் தோட்டம் முழுக்க இத்தனை நாளும் அவருக்கு டீத்தண்ணி நிறத்தில் இருந்திருக்கிறது. இலையை அவர் கிள்ளியது திமிர் என்று நினைத்திருந்தேன். அவருக்கு எட்டிய தோட்டம் அந்த ஒரு இலைதான்.

சரி, இப்போதெல்லாம் கண்புரை ஆபரேஷன் ஒன்றும் பெரிய காரியமில்லை, வேலூருக்குப் போய்ச் செய்துகொண்டு வந்துவிடலாம் என்றேன். அங்கேதான் மனிதர் அடம் பிடித்தார். வேண்டவே வேண்டாம் என்றார். காரணத்தைக் கேட்டால் சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் அவர் உண்மையிலேயே பயந்துபோயிருந்தார். தோல் உரிக்கும்போது கத்தி பட்டு விழுகிற வெட்டைப்போல் அவர் வெறுத்தது வேறெதுவும் கிடையாது. எவ்வளவு நல்ல தோலாக இருந்தாலும், நடுவில் ஒரு கத்தி வெட்டு இருந்தால் அவர் மேசையில் அது ரிஜெக்ட்.

"ஒரு சின்னக் கத்தி பட்டதுக்கு எத்தினி தோலு தள்ளியிருக்கேன் தெரியுமா? அதப்போயி கண்ணுல வெச்சிக்கச் சொல்றியே!"

வாரக்கணக்கில் இந்தப் பேச்சு நடந்தது. நான் கெஞ்சினேன், கோபித்துக்கொண்டேன், கேன் தண்ணீரை நானே தூக்கி மாடிக்கு ஏற்றி மூச்சு வாங்கிக் காட்டினேன். மகள் ஜப்பான் பூக்களைப் படம் படமாக அனுப்பினாள். அவை எல்லாமும் அவருக்கு மங்கல். கடைசியில் நான் நிபந்தனை போட்டேன். கண்ணைச் சரிசெய்துகொண்டால் ஜப்பான். இல்லாவிட்டால் பயணமே கிடையாது, நானும் போகமாட்டேன்.

"நீ போயிட்டு வாயேன்."

"போயிட்டு? வந்து உங்களுக்கு ஓட்டல் சோப்பு குடுக்கட்டுமா?"

அந்த அடி சரியான இடத்தில் விழுந்தது. ஆனால் அவரை மருத்துவமனைக்குக் கிளப்பியது என் அடி என்று பெருமைப்பட வழியில்லை. பாய் ஒரு சாயங்காலம் வந்து உட்கார்ந்து, பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே சொன்ன ஒரு வார்த்தைதான்.

"அரே, கத்தி இன்னாத்துக்குபா சொல்ற? அது கத்தி வேல இல்ல. பஃபிங். மேல இருக்கற கெட்டத லேசா எடுத்துட்டு, புது ஃபினிஷ் குடுக்கறான். அவ்ளோதான்."

தோலின் மேல்பக்கம் சரியில்லாவிட்டால் இழைத்துவிட்டு மறுபடி பூச்சு கொடுப்பது என் கணவருக்குத் தெரிந்த வேலை, நம்பிக்கையான வேலை. "அப்போ செஞ்சிக்கலாம்," என்றார்.

வேலூர் மருத்துவமனையில் அவர் காத்திருந்த பெஞ்சின் உறையைக் கிள்ளி, "ரெக்ஸின்," என்று எனக்குத் தெரிவித்தார். சின்ன வயதுப் பெண் டாக்டர் வந்து, பயப்படாதீர்கள், ரொம்பச் சின்னத் துளைதான் போடுவோம் என்றார். "தொளையும் டிஃபெக்ட்டுதாம்மா," என்றார் இவர். டாக்டருக்குப் புரியவில்லை. நான் அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டது ஆறுதலுக்கு என்று டாக்டர் நினைத்திருப்பார். பாதி அதுதான். மீதிப் பாதி, அவர் டாக்டரின் கோட்டைத் தொட்டுப் பார்த்துவிடக் கூடாதே என்பதற்காக.

உள்ளே அழைத்துப்போன பிறகு நான் வெளியே தனியாக உட்கார்ந்திருந்தேன். பூ, ஜப்பான், ஒன்றும் நினைவில் இல்லை. அந்த மனிதர் ஒருமுறை என்னைத் திட்டிக்கொண்டே வெளியே வந்தால் போதும் என்று இருந்தது.

திட்டிக்கொண்டேதான் வந்தார். ரூமில் ஏசி ஜாஸ்தியாம்.

கட்டைப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி போட்டு, மறுநாள் வீட்டுக்கு வந்தோம். ஹாலுக்குள் நுழைந்தவர் இரண்டு கையாலும் முகத்தை மறைத்துக்கொண்டார். "எவன்மா இத்தினி லைட்டு போட்டது?" என்றார். "உங்களுக்குத் தெரிஞ்சவர்தான்," என்றேன். அடுத்த சில நாட்கள் எனக்குச் சோதனைக் காலம். ஒட்டடை இருக்கிறது என்றார். மிக்ஸி மஞ்சளாக இருக்கிறது என்றார். சுவரில் மகள் சின்ன வயதில் கிறுக்கியது இன்னும் இருக்கிறதே என்று கேட்டார். எல்லாம் எப்போதும் இருந்ததுதான் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

மாடி ஏறலாம் என்று டாக்டர் அனுமதித்த பிறகு ஒரு காலையில் அவரை அழைத்துப்போனேன். வெயில் இன்னும் மாடிக்கு வரவில்லை. அவர் படியின் முடிவில் நின்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் சொல்லவே இல்லை. தொட்டி தொட்டியாக நின்று நின்று வந்தார். நாட்றம்பள்ளி ரோஜா முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். இரண்டு பூக்கள் இருந்தன.

"இது வெள்ள," என்றார்.

"எத்தினி நாளா சொல்றேன்?"

"வெள்ளன்னுதான் சொன்ன. இவ்ளோ வெள்ளன்னு சொன்னியா?"

வழக்கில் ஜெயித்தேனா தோற்றேனா என்றே எனக்குத் தெரியவில்லை. அவர் அந்தப் பூவை விட்டு நகரவே இல்லை. நான் ஆசைப்பட்டது அதுதான். என் மாடியில், ஒரு செலவும் இல்லாமல், கண் முன்னே நடந்துகொண்டிருந்தது.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். திரும்பியவர் பூவைப் பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தார்.

"உன் தல எப்ப இப்படி வெளுத்துச்சி?"

வேலை முடிந்த வருஷமே சாயம் போடுவதை விட்டுவிட்டேன். அவரிடம் சொல்லியும் இருக்கிறேன். காதோரம் இருந்த ஒரு கற்றையை எடுத்தார். கை பழைய கைதான், சும்மா இருக்குமா? வடக்குப் பக்கமாகத் திருப்பினார். கட்டைவிரலில் சுற்றி, மடித்து, விட்டார். எனக்கு வெட்கம் வந்துவிட்டது, இந்த வயதில்.

"ஓட்டலாம்," என்றார்.

"போதும், கண்ணாடியப் போடுங்க."

அவர் போடவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, எண்களைத் தானே பார்த்து அழுத்தி, மகளைக் கூப்பிட்டார். காலையிலேயே என்னவோ ஏதோவென்று அவள் பதறிக்கொண்டு எடுத்தாள்.

"கடைசி நாளு வேணாம்மா. மொத நாளுக்கே டிக்கெட் போடு," என்றார். குரல் கொஞ்சம் சரியில்லை. "இன்னும் இன்னான்னாத்தயெல்லாம் பாக்காம வுட்டிருக்கேனோ, தெரியல."

நான் கேனைத் தூக்கிக்கொண்டு செம்பருத்திகளுக்குப் பின்னால் போய், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தேன். செம்பருத்திக்குக் கேன் தண்ணீர் நான் ஊற்றியதே கிடையாது. போன மாதமாக இருந்திருந்தால் அவர் எதிரிலேயே நின்று வேண்டிய மட்டும் அழுதிருப்பேன். இப்போது அந்த மனிதருக்குக் கண் தெரிகிறது.